ஐபோன் படங்களை மொத்தமாக ஜேபெக் ஆக்க: மேக்கில் ஒருமுறை அமைத்துவிட்டால் போதும்

அப்பாவின் சதாபிஷேகத்தைத் திருக்கடையூரில் செய்தோம். ஏழு பேருடைய ஃபோன்களில் எடுத்த படங்கள், எண்ணிப் பார்த்தால் 2,300க்கு மேல். எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டு, ஆல்பம் போடும் ஸ்டூடியோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதிக்கு மேல் அங்கே திறக்கவே இல்லை. "ஜேபெக்ல மாத்திக் குடுங்க சார், இது எங்க சிஸ்டத்துல ஓப்பன் ஆகாது" என்றார்கள். திரும்பி வந்து ஒவ்வொரு படமாகத் திறந்து மாற்ற ஆரம்பித்தேன். இரவு ஒரு மணிக்கு 180 படம்தான் முடிந்திருந்தது. அடுத்து வந்த நான்கு நாளில் செய்த தவறுகளில் ஒன்று, 41 படங்களைத் திரும்பக் கிடைக்காதபடி அழித்துவிட்டது. அது எப்படி நடந்தது என்று நான்காம் படியில் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேவையானவை: ஒரு மேக் கணினி, படங்களைப்போல் நான்கு மடங்கு காலி இடம், அமைக்க அரை மணி நேரம். அடுக்கிக் கொடுத்த வேலைகளைத் தானே செய்யும் ஆட்டோமேட்டர் என்ற செயலி மேக்கிலேயே இருப்பதால் மென்பொருளுக்குச் செலவு எதுவும் இல்லை. எனக்கு ஆன செலவு பென் டிரைவுக்கு மட்டும்தான். கட்டளை எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம்.

1. உங்களுக்கு இது தேவைதானா என்று முதலில் பாருங்கள்

ஐபோன் 2017ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படங்களை ஹெய்க் (HEIC) என்ற வடிவத்தில் சேமிக்கிறது. ஜேபெக்கைவிட ஏறக்குறைய பாதி இடமே பிடிக்கும். ஆனால் பழைய விண்டோஸ் கணினிகளும் பழைய ஃபோட்டோஷாப்பும் அதைத் திறக்காது. பிரச்சினை இவ்வளவுதான்.

உங்களிடம் இருப்பது உங்கள் ஒரு ஃபோனின் படங்கள் மட்டும் என்றால் இந்தக் கட்டுரை முழுவதும் தேவைப்படாது. ஃபோனைக் கேபிளில் மேக்குடன் இணைத்து 'இமேஜ் கேப்சர்' செயலியைத் திறங்கள். அதில் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்ற குறியை எடுத்துவிட்டு இறக்கினால் படங்கள் ஜேபெக்காகவே வந்து சேரும். படங்கள் மேக்கின் ஃபோட்டோஸ் செயலிக்குள் இருந்தால், தேர்ந்தெடுத்து 'எக்ஸ்போர்ட்' கொடுக்கும்போது ஜேபெக் என்று கேட்டு வாங்கலாம். நாலைந்து படம்தான் என்றால் ஃபைண்டரில் வலது சொடுக்கு, 'குயிக் ஆக்ஷன்ஸ்', 'கன்வர்ட் இமேஜ்'. இது 2021ல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து இருக்கிறது.

இனி எடுக்கப்போகும் படங்களே ஜேபெக்காக வேண்டுமென்றால் ஃபோனின் செட்டிங்ஸில் 'கேமரா', 'ஃபார்மேட்ஸ்', 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிவிடுங்கள். ஃபோனில் கூடுதல் இடம் பிடிக்கும். ஏற்கெனவே எடுத்த படங்களை இது மாற்றாது.

பலரிடமிருந்து வந்து குவிந்த படங்கள், பழைய ஹார்ட் டிஸ்கில் கிடப்பவை, வாராவாரம் வந்துகொண்டே இருப்பவை: இவற்றுக்குத்தான் தானியங்கி ஏற்பாடு வேண்டும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்என்கன்வர்ட் என்ற செயலியில் ஃபோல்டரைச் சேர்த்து, வெளியீட்டு வடிவத்தை ஜேபெக் என்று தேர்ந்தெடுத்து மொத்தமாக மாற்றலாம். சொந்த உபயோகத்துக்கு இலவசம். கடை நடத்துபவர்கள் உரிமம் வாங்க வேண்டும். கேபிளில் ஐபோனை இணைத்துப் படம் எடுக்கும்போது, இணைத்த கருவி வேலை செய்யவில்லை என்று விண்டோஸ் பாதியில் நிறுத்தினால், ஃபோன் செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பகுதிக்குப் போய் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்பதை 'கீப் ஒரிஜினல்ஸ்' ஆக்குங்கள். ஃபோன் அனுப்பும்போதே மாற்ற முயன்று திணறுவதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். கீழே வரும் 2, 4, 6, 8 படிகள் உங்களுக்கும் பொருந்தும்.

இணையத்தில் படத்தை ஏற்றி மாற்றித் தரும் தளங்களைக் குடும்பப் படங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். குழந்தைகளின் படங்களும், எடுத்த இடத்தின் விவரமும் முன்பின் தெரியாத கணினிக்குப் போகின்றன. போதாததற்கு இலவசக் கணக்கில் ஒரு தடவைக்கு இத்தனை படம் என்று வரம்பும் இருக்கும்.

2. படங்களை முழுத் தரத்தில் வாங்குங்கள்

வாட்ஸப்பில் படமாக அனுப்பச் சொன்னால் அது சுருங்கித்தான் வரும், எடுத்த தேதியும் போய்விடும். ஆல்பத்தில் பெரிதாகப் போட்டால் முகம் மங்கும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் என்றால் ஏர்டிராப் போதும்.

ஐபோனின் 12 மெகாபிக்சல் படம் 4032 × 3024 பிக்சல். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் சுமார் 13 × 10 அங்குலம் வரை தெளிவாக வரும். எங்கள் ஆல்பத்தின் நடுப்பக்கத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

கேபிள் வழியே எடுத்தால் படங்களோடு வேறு சில ஃபைல்களும் வரும். லைவ் ஃபோட்டோ என்றால் அதே எண்ணில் ஒரு சிறு வீடியோ கூடவே இருக்கும். ஃபோனிலேயே திருத்திய படத்துக்கு, எண்ணுக்கு முன்னால் ஈ என்ற ஆங்கில எழுத்துடன் இன்னொரு பிரதி இருக்கும். ஏஏஈ என்று முடியும் சின்ன ஃபைல் திருத்தங்களின் குறிப்பு மட்டுமே, படமில்லை. எதையும் இப்போது அழிக்க வேண்டாம். தேவையானதைப் பிரித்தெடுக்கும் வேலையை ஆட்டோமேட்டரிடம் விடுவோம்.

3. மூன்று ஃபோல்டர்கள்

உங்கள் ஹோம் ஃபோல்டரில், பிக்சர்ஸுக்குள், மூன்று ஃபோல்டர்களை உருவாக்குங்கள்: மூலம், வரவு, ஜேபெக். வந்த படங்கள் எல்லாம் முதலில் 'மூலம்' ஃபோல்டரில் சேரும். அடுத்த படியில் செய்யும் பெயர் மாற்றத்தைத் தவிர, அதற்குப் பிறகு அந்த ஃபோல்டரில் எதையும் மாற்றுவதில்லை, அழிப்பதில்லை. 'வரவு' ஃபோல்டரைத்தான் கணினி கவனித்துக்கொண்டிருக்கும். மாறிய படங்கள் 'ஜேபெக்' ஃபோல்டருக்குப் போகும்.

டெஸ்க்டாப்பில் வைக்கலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் வைத்தேன். பல மேக்குகளில் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் ஐகிளவுடுடன் இணைந்திருக்கும். அங்கே 2,300 படங்களைக் கொட்டினால் அத்தனையும் மேலே ஏறத் தொடங்கும். இலவசமாகத் தருவது 5 ஜிபி மட்டும். அது நிறைந்ததும் ஃபோனின் பேக்கப் நின்றுபோகும், மாதக் கட்டணம் கட்டச் சொல்லி அறிவிப்பு வரும். பிக்சர்ஸில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இடத்தைக் கணக்கிடுங்கள். என் 2,300 படங்களில் ஹெய்க் ஃபைல்கள் சுமார் 4 ஜிபி. ஜேபெக் ஆனதும் இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவு. மூலம், வரவு இரண்டிலும் பிரதி இருப்பதால் 16 ஜிபி காலியாக வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

4. பெயர் மோதலை இப்போதே தீர்த்துவிடுங்கள்

அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள்.

எல்லா ஐபோனும் படங்களுக்கு ஒரே மாதிரிப் பெயர்தான் வைக்கிறது: ஐஎம்ஜி, பிறகு நான்கு இலக்க எண். 9999 முடிந்தால் திரும்ப முதலிலிருந்து. ஆக, அத்தையின் ஃபோனில் ஒரு 2041 இருக்கும், தம்பியின் ஃபோனில் வேறொரு 2041 இருக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் மேக் கேட்கும்: இரண்டையும் வைத்துக்கொள்ளவா, பழையதை மாற்றிவிடவா, வேண்டாமா? தூக்கக் கலக்கத்தில் 'எல்லாவற்றுக்கும் இதே பதில்' என்பதில் குறியிட்டு 'ரீப்ளேஸ்' அழுத்திவிட்டேன். அத்தை எடுத்த 41 படங்களின் மேல் தம்பியின் படங்கள் உட்கார்ந்துவிட்டன. "படம் வந்துடுச்சா அத்தை" என்று நான்தான் முதல் நாளே கேட்டிருந்தேன். வந்துவிட்டது என்ற தைரியத்தில் அத்தை ஃபோனில் எல்லாவற்றையும் நீக்கி, 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியையும் காலி செய்திருந்தார். அப்பாவும் அம்மாவும் கலச நீரில் நனைந்து நின்றதை மிக அருகிலிருந்து எடுத்தவர் அவர் ஒருவர்தான்.

செய்ய வேண்டியது எளிது. 'மூலம்' ஃபோல்டருக்குள் ஆளுக்கொரு ஃபோல்டர் போடுங்கள். ஒருவருடைய படங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் 'ரீநேம்'. வரும் பெட்டியில் 'ஆட் டெக்ஸ்ட்' என்பதைத் தேர்ந்து, பெயருக்கு முன்னால் அவருடைய பெயரின் இரண்டு எழுத்தைச் சேருங்கள். ஆயிரம் படமானாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். ஃபைல் பெயருக்குத் தமிழ் எழுத்து மேக்கில் சரியாக வரும், ஆனால் ஸ்டூடியோவின் பழைய மென்பொருளில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். அதனால் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இது முடிந்து, ஒவ்வொருவர் ஃபோல்டரிலும் எத்தனை படம் என்று ஒரு தாளில் எழுதும்வரை, ஃபோனில் இருப்பதை நீக்க வேண்டாம் என்று படம் கொடுத்த எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

5. ஆட்டோமேட்டரை அமைத்தல்

அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் ஆட்டோமேட்டரைத் திறந்து 'நியூ டாக்குமெண்ட்' கொடுங்கள். என்ன வகை என்று கேட்கும். 'ஃபோல்டர் ஆக்ஷன்' தேர்ந்தெடுங்கள். ஒரு ஃபோல்டரில் ஏதாவது வந்து விழுந்தால் உடனே வேலையைத் தொடங்கும் வகை இது. வலப்பக்கம் மேலே எந்த ஃபோல்டர் என்று கேட்கும் இடத்தில் 'வரவு' ஃபோல்டரைக் காட்டுங்கள்.

இடப்பக்கப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து வலப்பக்கம் இந்த வரிசையில் வையுங்கள். வரிசை மாறினால் வேலை நடக்காது.

முதலில் 'ஃபில்டர் ஃபைண்டர் ஐட்டம்ஸ்'. அதில் ஃபைல் எக்ஸ்டென்ஷன் (பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) ஹெய்க் என்று இருப்பவை மட்டும் என நிபந்தனை கொடுங்கள். சிறிய ஆங்கில எழுத்தில் ஒரு வரி, பெரிய எழுத்தில் ஒரு வரி, மேலே 'எனி' என்று வைத்தால் இரண்டையும் பிடிக்கும். லைவ் ஃபோட்டோ வீடியோக்களும் ஏஏஈ ஃபைல்களும் இங்கேயே நின்றுவிடும்.

அடுத்து 'காப்பி ஃபைண்டர் ஐட்டம்ஸ்'. எங்கே என்ற இடத்தில் 'ஜேபெக்' ஃபோல்டர். 'ரீப்ளேசிங் எக்சிஸ்டிங் ஃபைல்ஸ்' என்ற கட்டத்தில் குறி இருக்கக் கூடாது.

மூன்றாவது 'சேஞ்ச் டைப் ஆஃப் இமேஜஸ்'. ஃபோட்டோஸ் என்ற பிரிவில் இருக்கும். இதை இழுத்து வைத்ததும் ஓர் எச்சரிக்கை வரும்: இந்தச் செயல் மூல ஃபைலையே மாற்றிவிடும், பிரதி எடுக்கும் படியைச் சேர்க்கவா என்று கேட்கும். நாம் முந்தைய படியிலேயே பிரதி எடுத்துவிட்டதால் 'டோன்ட் ஆட்' கொடுக்கலாம். பிரதி எடுக்கும் படி மேலே இல்லாமல் இங்கே 'டோன்ட் ஆட்' கொடுத்தால் மூலப் படமே மாறிவிடும். கவனம். 'டு டைப்' என்பதில் ஜேபெக் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக விரும்பினால் 'டிஸ்ப்ளே நோட்டிஃபிகேஷன்' சேர்த்து, 'மாற்றியாயிற்று' என்று தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். எனக்கு இது மிகவும் உதவியது. இல்லாவிட்டால் முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கமாண்ட் விசையுடன் எஸ் அழுத்தி, ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். அந்த நொடியிலிருந்து அது வேலைக்குத் தயார்.

இரண்டு பொறிகள் இங்கே உண்டு. ஒன்று, வெளியீட்டுக்கும் 'வரவு' ஃபோல்டரையே கொடுத்துவிடுவது. பிரதி வந்து விழுந்ததும் அதைப் புதிய படம் என்று எண்ணி வேலை மறுபடி தொடங்கும். இரண்டாவது, படங்களை ஃபோல்டரோடு சேர்த்து 'வரவு'க்குள் போடுவது. வந்தது ஒரு ஃபோல்டர், ஹெய்க் படம் அல்ல என்று ஃபில்டர் ஒதுக்கிவிடும், எதுவுமே நடக்காது. ஃபோல்டரைத் திறந்து படங்களை மட்டும் தேர்ந்து போடுங்கள். ஃபோல்டராகவே போட்டாக வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் முதலில் 'கெட் ஃபோல்டர் கன்டென்ட்ஸ்' என்ற செயலைச் சேர்க்க வேண்டும்.

இந்த முறையில் ஜேபெக்கின் தரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை. அது வேண்டுபவர்கள் மேக்கின் ஷார்ட்கட்ஸ் செயலியில் 'கன்வர்ட் இமேஜ்' செயலைப் பயன்படுத்தலாம். தரத்துக்கு ஒரு நகர்த்தியும், படத்தின் விவரங்களை வைத்திருக்க ஒரு குறியும் அதில் உண்டு. அச்சு ஆல்பத்துக்கு ஆட்டோமேட்டர் தந்ததே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

6. பத்தே படங்களில் சோதனை

ஒரே மாதிரிப் பத்துப் படம் எடுக்காதீர்கள். நின்றவாக்கில் ஒன்று, படுக்கைவாக்கில் ஒன்று, இருட்டில் எடுத்தது, லைவ் ஃபோட்டோ, ஃபோனிலேயே திருத்தியது என்று கலந்து எடுங்கள்.

'மூலம்' ஃபோல்டரிலிருந்து 'வரவு'க்கு இழுக்கும்போது ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். சும்மா இழுத்தால் ஒரே டிஸ்கில் மேக் பிரதி எடுக்காது, படத்தையே நகர்த்திவிடும். ஆப்ஷனை அழுத்தினால் சுட்டிக்குப் பக்கத்தில் பச்சைக் கூட்டல் குறி தெரியும். அது தெரிந்தால்தான் பிரதி.

வந்த ஜேபெக் ஒவ்வொன்றையும் மேக்கிலேயே உள்ள ப்ரிவ்யூ செயலியில் திறந்து பாருங்கள். தலை நேராக நிற்கிறதா? பட்டுப்புடவையின் சிவப்பு மங்கியிருக்கிறதா? ஐபோன் படங்களில் விரிந்த வண்ணத்துக்கான ப்ரொஃபைல் ஒன்று உள்ளே இருக்கும், அது உதிர்ந்துபோனால் நிறம் வெளிறும். கமாண்ட் விசையுடன் ஐ அழுத்தினால் எடுத்த தேதி, பிக்சல் அளவு, ப்ரொஃபைலின் பெயர் எல்லாம் தெரியும். தேதி இருந்தால்தான் ஸ்டூடியோவில் சடங்குகளின் வரிசைப்படி அடுக்க முடியும்.

7. மொத்தமாக ஓட்டுதல்

2,300 படங்களையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். 200, 200 ஆகப் போடுங்கள். வேலை நடக்கும்போது மேலே மெனு வரிசையில் பல்சக்கரம் ஒன்று சுழலும். நிறுத்த வேண்டுமென்றால் அதன்மேல் சொடுக்கலாம். என்னுடையது 2017ஆம் ஆண்டு மேக்புக் ஏர். 200 படத்துக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. முழுவதும் முடிய ஒன்றரை மணி நேரம். புதிய கணினியில் இதைவிடச் சீக்கிரம் முடியும். சார்ஜரைச் செருகிவிட்டு, கணினி தூங்கிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். போட்ட ஹெய்க் எத்தனை, வந்த ஜேபெக் எத்தனை. குறைந்தால் அப்போதே கண்டுபிடிப்பது எளிது, கடைசியில் தேடுவது கொடுமை.

ஆண்ட்ராய்டு ஃபோனிலிருந்தும் வாட்ஸப்பிலிருந்தும் வந்தவை பெரும்பாலும் ஏற்கெனவே ஜேபெக்தான். ஃபில்டர் அவற்றைத் தொடாது, அதனால் அவை 'ஜேபெக்' ஃபோல்டருக்கும் போகாது. தனியாகப் பிரதி எடுத்து அங்கே சேர்க்க மறந்துவிடாதீர்கள். எங்கள் ஆல்பத்தின் முதல் மாதிரியில் மாமாவின் படம் ஒன்றுகூட இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

எல்லாம் முடிந்ததும் 'வரவு' ஃபோல்டரைக் காலி செய்யலாம். அந்த ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கி 'ஃபோல்டர் ஆக்ஷன்ஸ் செட்டப்' போனால் தானியங்கியை நிறுத்தி வைக்கலாம், அடுத்த விசேஷத்துக்கு மறுபடி இயக்கலாம். 'மூலம்' ஃபோல்டரை ஆல்பம் கைக்கு வந்த பிறகும் வைத்திருங்கள்.

8. ஸ்டூடியோவுக்குக் கொடுக்கும்போது

பென் டிரைவை மேக்கின் டிஸ்க் யுடிலிட்டியில், மேக்கும் விண்டோஸும் படிக்கக்கூடிய எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஃபார்மேட் செய்யுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் உள்ளே பாருங்கள். மேக்கின் சொந்த வடிவத்தில் இருந்தால் ஸ்டூடியோவின் விண்டோஸ் கணினிக்கு அந்த டிரைவைப் படிக்கத் தெரியாது.

விண்டோஸில் திறக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு குட்டி ஃபைல், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த பெயருடன் தெரியலாம். மேக் தன் குறிப்புக்காக எழுதிவைப்பது அது. படமாகத் திறக்காது. "பாதிப் படம் கரப்ட் ஆயிருக்கு" என்று ஸ்டூடியோவிலிருந்து எனக்கு அழைப்பு வந்து, வேலையை விட்டுவிட்டு ஓடினேன். அவற்றை விட்டுவிடலாம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எத்தனை படம் என்ற எண்ணிக்கையையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

9. வேலை விண்ணப்பத்துக்கு என்றால்

இதைப் படிப்பவர்களில் பலருக்கு ஆல்பம் அல்ல, விண்ணப்பம்தான் அவசரமாக இருக்கும். ஐபோனில் எடுத்த படத்தை விண்ணப்பத் தளம் ஏற்காவிட்டால் முதலில் செய்யத் தோன்றுவது, ஃபைல் பெயரின் கடைசியை ஜேபெக் என்று மாற்றி எழுதுவது. அதனால் பெயர் மட்டுமே மாறும், உள்ளே இருப்பது ஹெய்க்தான். சில கணினிகளில் படம் திறந்துவிடுவதால் சரியாகிவிட்டது என்று தோன்றும், தளம் ஏற்காது. மேலே சொன்ன முறையில் உண்மையாகவே மாற்றுங்கள்.

பிறகு அளவு. எடுத்துக்காட்டாக, வங்கித் தேர்வுகளுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் புகைப்படம் 200 × 230 பிக்சல், 20 முதல் 50 கேபி வரை. கையெழுத்து 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. ஒவ்வொரு தேர்வுக்கும் இது வேறுபடும் என்பதால் அந்தந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரிவ்யூவில் முதலில் அந்த விகிதத்துக்கு வெட்டி, பிறகு 'டூல்ஸ்' மெனுவில் 'அட்ஜஸ்ட் சைஸ்' கொடுங்கள். வெட்டாமல் நேரடியாக அளவை மாற்றினால் முகம் அகலமாகவோ ஒல்லியாகவோ இழுபடும். அதன்பின் எக்ஸ்போர்ட் செய்யும்போது தர நகர்த்தியை இழுத்தால் ஃபைல் எத்தனை கேபி வரும் என்று அங்கேயே காட்டும். மேல் வரம்பை மட்டும் பார்த்து மிகவும் குறைத்துவிடாதீர்கள். 20 கேபிக்குக் கீழே போனாலும் படம் நிராகரிக்கப்படும்.